மரத்தடியில் மட்டும் பெய்தது

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குக் காட்டைப் பற்றிய பாடம் தண்ணீர் பட்ட பாடு. புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிக்கொண்டு போவாள். காடு மரம் தருகிறது, மூலிகை தருகிறது, மழை தருகிறது, அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் அரைத்த மாவுதான். அந்த வகுப்பறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் முதுகுதான் தெரியும். காடு என்று பிள்ளைகள் கண்டது சுவரில் தொங்கும் படத்தைத்தான். அதுவும் வெயில் பட்டுப் பச்சை போய் நீலமாகிவிட்டிருந்தது.

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்கு 'ஆனா' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் எழுத்து ஆனா இல்லை. எதைச் சொன்னாலும் "ஆனா டீச்சர்" என்று எழுந்து நிற்பாள், அந்த ஆனா. அன்றைக்கும் எழுந்தாள்.

"ஆனா டீச்சர், மரம் தண்ணி குடிக்கத்தானே செய்யும்? எங்க வீட்டுத் தொட்டிச் செடிக்கு ஒரு நாள் ஊத்தலன்னாக்கூட வாடிப்போகுது. குடிக்கிறது எப்படித் தண்ணி குடுக்கும்?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சாக்பீஸைக் கையில் உருட்டினாள். "அதெல்லாம் பெரிய வகுப்புல வரும்."

"ஆனா டீச்சர், நீங்கதான் பெரிய வகுப்பெல்லாம் படிச்சு முடிச்சிட்டீங்களே."

நல்லவேளை மணி அடித்தது. டீச்சர் தப்பித்தாள். ஆனால் அந்தக் கேள்வி செருப்புக்குள் போன கல் மாதிரி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அவள் கணவருக்கு நகரத்தின் குடிநீர் நிலையத்தில் வேலை. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து வால்வைத் திறந்து மூடுகிறவர். வாய் ஓயாத மனிதர். தூக்கத்தில்கூட யாரையாவது கிண்டல் செய்வார் என்று மாமியாரே சொல்லியிருக்கிறாள்.

"என்னங்க, மரம் மழை தருமா?" என்று சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சு தண்ணி வால்வுலேருந்துதான் வருது."

"விளையாடாதீங்க. ஒரு சின்னப் பொண்ணு கேட்டா. பதில் சொல்லத் தெரியாம முழிச்சுட்டு வந்திருக்கேன்."

அவர் கை தட்டிலேயே நின்றது. "ஒரு விஷயம் எனக்கும் ரொம்ப நாளாப் புரியல. மலையிலேருந்து நமக்கு ரெண்டு லைன் வருது. கிழக்கு லைன் செத்துப் பல வருஷமாச்சு. குழாயை மாத்தினாங்க, இணைப்பை மாத்தினாங்க, என்ஜினீயரையே மாத்தினாங்க. சொட்டு வரல. மேற்கு லைன் இருக்கு பாரு, ஏரி காஞ்சு பசங்க அதுல பந்து விளையாடுற காலத்துலகூட அது நிக்கறதில்ல. மாசக்கணக்கா மழை இல்லன்னாலும் வந்துக்கிட்டேதான் இருக்கும்."

"ஏன்னு உங்க ஆபீஸ்ல யாரும் கேக்கலையா?"

"வராத தண்ணிய ஏன் வரலன்னு கேப்பாங்க. வர்ற தண்ணிய ஏன் வருதுன்னு எவன் கேப்பான்?"

"நீங்க மேல போய்ப் பாத்ததே இல்லையா?"

"என் வேலை குழாயோட இந்த முனையில. அந்த முனையில எனக்கு என்ன வேலை?"

மறுநாள் டீச்சர் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டுத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். தலைமையாசிரியை கண்டிப்பானவர். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மாடிப்படி காலியாகிவிடும்.

"மழைய காட்டப் போறீங்களா? இந்த வெயில்லயா?"

"மழைய இல்ல மேடம். நம்ம குழாய்த் தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டலாம்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது பாதிச் சம்மதம். கூடவே இன்னொரு பெரியவர் போக வேண்டும், ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட ஆகக் கூடாது, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டு மீதியையும் கொடுத்தார். கூடப் போகும் பெரியவராக அவள் கணவர், அந்த வால்வுக்காரரே, விடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். மலையில் குழாய் தொடங்கும் தொட்டியைச் சுத்தம் செய்ய மாதம் ஒருமுறை மேலே போய்வரும் சக ஊழியரிடம் வழியைக் கேட்டு வைத்திருந்தார்.

பஸ்ஸில் பாதி வழி வாந்தி, மீதி வழி பாட்டு. சாலையோரப் புல்லெல்லாம் காய்ந்து தாள் நிறத்தில் கிடந்தது. வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. சாலை முடிந்த இடத்தில் டிரைவர் வண்டியை நிழலில் போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். மற்றவர்கள் நடந்தார்கள். கொஞ்ச தூரம் ஏறியதும் மலை முகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளையாக ஏதோ வழிந்து வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதையை மூடியது, முன்னால் போன பிள்ளையின் பையை மூடியது, கடைசியில் பையைச் சுமந்த பிள்ளையையும் மூடியது.

"கையைக் கோத்துக்கோங்க. யாரும் விடக் கூடாது," என்றாள் டீச்சர்.  தலைமையாசிரியையின் முகம் கண்முன் வந்து போனது.

"டீச்சர், ஒண்ணுமே தெரியலையே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் அழுதது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்ற சலிப்பு எல்லாக் குரலிலும் இருந்தது.

அவர்கள் நின்ற இடம் மொட்டைச் சரிவு. எப்போதோ வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வெளுத்துப்போய் நின்றன. பனிமூட்டம் முகத்தைத் தடவிக்கொண்டு போனது. ஆனால் கால் வைத்த இடத்தில் புழுதி பறந்தது. சரிவின் நடுவே ஒரு சிமெண்ட் தொட்டி, அதிலிருந்து கிளம்பும் துருப்பிடித்த குழாய். வால்வுக்காரர் குனிந்து குழாய்க்குள் கையை விட்டார். சிலந்தி வலைதான் கையோடு வந்தது.

"இவர்தான் கிழக்கு லைன்," என்றார் பிள்ளைகளிடம். "இவருக்கு வைத்தியம் பாக்க எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா." பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடிக்கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு முகட்டை ஒட்டி மேற்கே நடந்தார்கள். பனிக்குள் திடீரென்று கறுப்பாக ஒரு சுவர் எழுந்தது. கிட்டே போனதும்தான் அது மரங்கள் என்று தெரிந்தது. காடு அங்கேதான் தொடங்கியது, கோடு போட்டாற்போல.

முதலில் உள்ளே போன பிள்ளை சட்டென்று கழுத்தைத் தொட்டுக்கொண்டான். அடுத்தவள் தலையைத் தடவினாள். அதற்குள் எல்லார் மேலும் விழத் தொடங்கியிருந்தது.

"மழை டீச்சர்."

உண்மையில் மழைதான். இலையிலிருந்து இலைக்குத் தாவி, கிளையில் வழிந்து, தரையில் தடதடவென்று கொட்டுகிற மழை. டீச்சர் பிள்ளைகளை வெளியே விரட்டினாள். வெளியே ஓடி வந்ததும் எல்லாரும் அப்படியே நின்றார்கள். மழை இல்லை. தரை காய்ந்திருந்தது. புழுதி பழையபடி பறந்தது.

மறுபடி உள்ளே ஓடினார்கள். பெய்தது. வெளியே வந்தார்கள். இல்லை.

ஆனா தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியை வெளியே புல்லில் வைத்தாள், டப்பாவை மரத்தடியில் வைத்தாள். இரண்டுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து மாறி மாறிப் பார்த்தாள். டப்பாவில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் தகரத்தில் விழுகிற சத்தம், பிறகு தண்ணீரில் தண்ணீர் விழுகிற சத்தம். மூடி மேல் மெல்லிய ஈரம் மட்டும் படிந்திருந்தது.

டீச்சர் காட்டின் ஓரத்தில் நின்று ஒரு கையை உள்ளே நீட்டினாள், ஒரு கையை வெளியே. உள்ளே நீட்டிய கையிலிருந்து முழங்கை வழியாகத் தண்ணீர் ஓடியது. தலைக்கு மேலே ஒரு சின்ன இலை இருந்தது. அதையே உற்றுப் பார்த்தாள். வெள்ளை மூட்டம் இலையைக் கடந்து போனது. கடந்துபோன பிறகு இலையில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துளிகள். ஒன்று இன்னொன்றோடு சேர்ந்தது. சேர்ந்தது கனத்து நுனிக்கு நகர்ந்தது, தொங்கியது, விழுந்தது. அதற்குள் அடுத்தது தயாராகிவிட்டது. அந்த மரத்தில் எத்தனை இலை என்று நினைத்தாள். இலைக்குக் கீழே கிளை முழுவதும் பாசி, பாசியின் ஒவ்வொரு நூலிலும் துளி. அந்த மரத்துக்குப் பின்னால் இன்னொரு மரம், அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டாத தூரம் வரைக்கும் மரம். வானம் கொடுக்காததை இத்தனையும் சேர்ந்து எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்ற நினைப்பே அவற்றுக்கு இல்லை. 

பின்னால் ஒரு சத்தமும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பயந்துபோய்த் திரும்பினாள். பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். சத்தம் போடாதே என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பறையில் தொண்டை வற்றக் கத்தினாலும் அடங்காத கூட்டம் ஆளுக்கொரு மரத்தடியில் அண்ணாந்து நின்றது. ஒருவன் வாயைத் திறந்து வைத்திருந்தான். இன்னொருத்தி மரத்தைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைப் பாசியில் வைத்திருந்தாள்.

வால்வுக்காரரைக் காணவில்லை. காலடியில் நூல் மாதிரி ஓடிய தண்ணீரைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் இறங்கினார்கள். அந்த நூலோடு இன்னொரு நூல் சேர்ந்தது. பிறகு அது கால் நனையும் ஓடையானது. கீழே ஒரு தொட்டி, கிழக்கில் பார்த்த அதே அளவு, அதே சிமெண்ட். இது விளிம்பு வரைக்கும் நிறைந்து, ஒரு குழாயின் வாய்க்குள் சுழன்று போய்க்கொண்டிருந்தது. அவர் முழங்காலிட்டுக் கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டிருந்தார்.

"என்னங்க?"

அவர் நிமிரவில்லை.  "இழுக்குது," என்றார். "கையைப் பிடிச்சு இழுக்குது. நான் அங்க திறக்கறப்போ இது இங்கேருந்து கிளம்பியிருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது."

ஆனா தொட்டி ஓரத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் தண்ணீர் சொட்டியது.

"ஆனா டீச்சர், அந்தப் பக்கமும் முன்னாடி இப்படித்தான் மரம் இருந்துச்சா?"

"இருந்திருக்கும்மா."

"அதை வெட்டினவங்களுக்கு இது தெரியாதா?"

டீச்சர் கணவரைப் பார்த்தாள். அவர் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கே தெரியலையேம்மா," என்றார். 

பள்ளி வாசலில் தலைமையாசிரியை காத்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தைப் பார்த்தார்.

"எங்க நனைஞ்சீங்க?"

"மரத்துக்கு அடியில மேடம்."

"அங்க மழையா?"

"இல்ல மேடம்," என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அவர் முகம் சிவந்தது. டீச்சர் விளக்க வாயெடுத்தாள்.  "நீங்க ஒருதடவை வாங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் பாதி வகுப்புக்குத் தும்மல். இரண்டு தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். பிள்ளைகள் சொன்ன கதையைக் கேட்டுக் குழம்பிப்போய், அடுத்தமுறை எங்களையும் கூட்டிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வால்வுக்காரர் கிழக்குச் சரிவில் மறுபடி மரம் வைக்கச் சொல்லித் தன் அலுவலகத்தில் பேசினார். அது வனத்துறை வேலை என்றார்கள். வனத்துறைக்குப் போனார். அது குடிநீர்த் துறை வேலை என்றார்கள். இன்னும் நடையாய் நடந்துகொண்டிருக்கிறார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது என்பதால் என்றைக்காவது நடந்துவிடும் என்று டீச்சருக்கு நம்பிக்கை.

அடுத்ததாக நான்காம் வகுப்பு அந்தக் காட்டுக்குப் போனபோது தலைமையாசிரியை கூடவே கிளம்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குடை எடுத்துக்கொண்டார். மொட்டைச் சரிவில் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். காட்டுக்குள் காலடி வைத்ததும் முதல் துளி அவர் கண்ணாடியில் விழுந்தது. கழற்றித் துடைக்கப் போனவர் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். வெளியே போய் நின்றார், உள்ளே வந்தார், யாரும் கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி வெளியே போனார். கடைசியில் ஒரு மரத்தடியில் அசையாமல் நின்றுவிட்டார். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியது. குடை மடித்தபடியே கக்கத்தில் இருந்தது.

"மேடம், நேரமாகுது," என்றாள் டீச்சர். "இருட்டுறதுக்குள்ள போகணும்னு சொன்னீங்க."

"கொஞ்சம் இருங்க," என்றார் தலைமையாசிரியை, அண்ணாந்தபடியே.