ஐம்பது கிலோ சக்கரம்

மலைச்சாலையில் லாங்போர்டு என்கிற நீளச் சக்கரப் பலகையில் ஏறிச் சறுக்குவதென்றால் தையற்காரியின் புருஷனுக்கு உயிர். அவன் பிறந்தநாளுக்குப் புதுச் சக்கரம் வாங்க அவள் கடைக்கு வந்தாள்.

"எடை சொல்லுங்கக்கா. கனமான ஆளுன்னா கெட்டிச் சக்கரம் வேணும். மெத்துன்னு இருந்தா ரோட்டைப் பிடிச்சுக்கும், சறுக்காது," என்றான் கடைக்காரன், பெட்டியைக் குடைந்தபடி.

"எங்க வீட்டுக்காரர் எண்பத்திரண்டு கிலோ. பொங்கிப் போடுறவளுக்குத் தெரியாதா?"

"அண்ணனுக்கா? போன வாரந்தானே ரெண்டு செட்டு வாங்கினாரு. நீங்களும் கத்துக்கப் போறீங்களாமே."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பதினோரு வருஷமாக மலைப்பக்கமே கூட்டிப்போகாத மனுஷன், பெண்டாட்டிக்கு ரகசியமாக வாங்கி ஒளித்து வைத்திருக்கிறான்!

"எனக்கு எந்தச் சக்கரம் எடுத்தார்?"

"ஐம்பது கிலோவுக்கு ஏத்தது. ரோட்டுல கை ஊன்றதுக்குக் கையுறையும் எடுத்தாரு, சின்ன சைஸ்."

அப்போதுதான் நிமிர்ந்தவன், அவளை ஏற இறங்கப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். தெருவுக்கே தெரிந்த சங்கதி அவளுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது.

அவள் எழுபது கிலோ. கல்யாணத்தன்றுகூட ஐம்பதாக இருந்ததில்லை. ஊரார் இடுப்பையெல்லாம் அளந்த கைகள் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டன.

"கொஞ்சம் உட்காரலாமா தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.