பன்னிரண்டடிக் குழாய்

"ஏம்ப்பா, லாரிக்குமா காய்ச்சல்?" என்று ஆறு வயதில் பிரின்சி கேட்டாள். வெயிலில் நின்றுபோன, நண்பர் சடையப்பனின் பழைய பெட்ரோல் லாரிக்கு அவள் அப்பா வரதன் ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். சைலன்சர் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்துவிடும். ஆறும்வரை வண்டி நகராது.

அந்த வரதன்தான் இப்போது கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். முந்தின நாள் காலை டீ குடித்தபடியே சாய்ந்துவிட்டார். பெட்டியில் வைப்பதற்காக அவருடைய பைபிளை எடுத்தாள் பிரின்சி. உள்ளிருந்து ஒரு காலண்டர் தாள் நழுவியது. பின்பக்கம் பென்சிலில் லாரியின் அடிப்பாகம்: டேங்கிலிருந்து என்ஜினுக்குப் பன்னிரண்டடியில் அகலமான குழாய், மிச்ச பெட்ரோல் டேங்குக்கே திரும்ப இன்னொன்று, இரண்டும் சைலன்சரை விட்டுத் தள்ளி. மூலையில், 'இன்ஜெக்‌ஷன் - அப்புறம்.'

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் குழாய் வளைப்பதுதான் அவள் வேலை. "ஒரு முனைய நீ புடி, போதும்" என்று அப்பா மூன்று வாரமாகக் கேட்டிருந்தார். ஓவர்டைம் இருந்தது. "ஞாயித்துக்கெழம பாக்கலாம்ப்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

சடையப்பன் வந்து பெட்டியருகே நெடுநேரம் நின்றார். பிறகு அவளிடம், "சாப்டியாம்மா?" என்றார்.

"இல்ல பெரிப்பா."

"ஒரு வாய் டீயாவது குடி. இல்லாங்காட்டி உங்கப்பன் எழுந்து வந்து என்னியத்தான் திட்டுவான்."

"வண்டிய இன்னா பண்ணப்போற? பழைய பைப்ப அப்பா கழட்டிட்டாரே."

"நாளன்னிக்கு பழைய இரும்புக்காரன் வர்றான். கெளம்புனா வெச்சிக்குவேன். கெளம்பலன்னா எடைக்குப் போவட்டும்."

"எடைக்கே போடு பெரிப்பா" என்றான் அண்ணன் அன்பு. "வருசக்கணக்கா படம் வரைஞ்சிக்கினே இருந்தாரு."

"அவனாவது வரைஞ்சான். நீ இன்னா கிழிச்ச?"



பிரின்சி பிறந்ததே அந்த லாரியின் தயவில்தான். வலி கண்ட அம்மா மேரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் வண்டி நான்கு இடத்தில் நின்றது. சடையப்பன் தன் குடிதண்ணீரை எல்லாம் குழாயில் ஊற்றி, தொண்டை வறள ஓட்டிச் சேர்த்தார். பெட்ரோல் காசுக்குக்கூடக் கை நீட்டாத மனிதர் என்று ஊர் சொல்லும். அன்றும் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. இப்படி யாரோ ஒருவரின் தாகத்தில்தான் கடவுள் நம் வீட்டுக்கு வந்து போகிறார். "உன் வண்டி இனிமே வழியில நிக்காது" என்று வரதன் அன்று வாக்குக் கொடுத்திருந்தார்.

மாலை அடக்கம் முடிந்தது.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். நண்பன் பேருக்கு விளக்குப் போட சடையப்பன் திருவாலங்காடு கோயிலுக்குப் போயிருந்தார். பிரின்சி லாரி நிற்கும் கொட்டகைக்குப் போனாள்.

அப்பா வாங்கி வைத்த குழாய்கள் சுவரோரம் நேராகக் கிடந்தன. நசுங்காமலிருக்க மணல் நிரப்பி, படத்தைப் பார்த்து வளைத்தாள். மறுமுனை தரையில் இழுபட்டு ஆடியது. பிடிக்க ஆளில்லை. "கொஞ்சம் தூக்கு" என்று வாய்வரை வந்துவிட்டது. பிறகு துப்பட்டாவை அவிழ்த்து மறுமுனையை வண்டியின் அடிச்சட்டத்தில் கட்டினாள்.

மணலைத் தட்டி, பெட்ரோல் விட்டு இரண்டு தரம் அலசி மாட்டினாள். திரும்பும் குழாய், அப்பா 'அப்புறம்' என்று எழுதிய இன்ஜெக்‌ஷனுக்கு; இப்போது அதற்கு வேலையில்லை. அதன் இரு முனைகளையும் மூடிபோட்டு இறுக்கினாள்.

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் திருகினாள். மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. வண்டியை வெளியே வெயிலில் நிறுத்தி ஓடவிட்டாள். பானட் சூட்டில் கை வைக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம். என்ஜின் ஒரு தரம்கூட இருமவில்லை. பழையபடி உள்ளே நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டி, படலைச் சாத்தினாள்.

வீட்டில் மேரி விழித்திருந்தாள். "எங்கடி போயிருந்த?"

"இங்கதாம்மா."

கை கழுவாமலே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேரி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.