மொட்டை மாடித் துணிக்கம்பி

அத்தான் தன் தக்காளிச் செடிகளுக்குக் குட்மார்னிங் சொல்வதைச் சின்னவள் தன் காதால் கேட்டிருக்கிறாள். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருப்பாரா என்றால், அக்காவே இல்லை என்பாள். செடிக்குச் சொல்வார். அதுவும் கொஞ்சல் குரலில்.

இத்தனைக்கும் மனிதர் வேலை பார்த்த காலம் முழுக்கப் பூச்சிமருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகப் போய், இதை அடி, அதை அடி என்று கண்ட விஷத்தையும் விவசாயிகள் தலையில் கட்டியவர். ஓய்வு பெற்றதும் ஞானம் பிறந்துவிட்டது. இப்போது இயற்கைத் தோட்டக்காரர்களின் செல்போன் குழுவில் வாய் கிழியப் பேசுகிறார். மொட்டை மாடியில் பை பையாகத் தக்காளி, வரிசையாகக் குடைமிளகாய். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு தக்காளியைக் கொடுத்து, மோந்து பாருங்கள் என்பார். தின்பதற்கு இல்லை. மோந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சின்னவள் அக்காவின் உடன்பிறந்த தங்கை. கணவன் விட்டுப்போன பிறகு மகளோடு இந்த வீட்டின் கீழ்ப் பகுதிக்கு வந்தவள். பக்கத்துத் தெருவில் இருக்கும் விருந்து மண்டபத்தின் மேஜை விரிப்புகளும் நாற்காலி உறைகளும் அவளிடம்தான் வெளுப்புக்கு வரும். குழம்புக் கறை, மெழுகுக் கறை, எவனோ சட்டைக்குப் பதிலாக விரிப்பில் துடைத்த மைக் கறை, எல்லாவற்றையும் போக்கி, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு, மடித்துக் கொடுப்பாள். மகளின் படிப்பும் இருவரின் சோறும் அதில்தான் ஓடுகிறது. அந்த மாடிக் கம்பி இல்லையென்றால் அவளுக்குப் பிழைப்பு இல்லை.

கம்பியின் ஒரு முனை தண்ணீர்த் தொட்டிச் சுவரில், மறுமுனை அத்தானின் தோட்டக் கொட்டகைக்குள் இருந்த இரும்புத் தூணில். செடிகளைத் தூக்கிக் கட்டியிருந்த நூல்களும் அதே தூணில் இருந்துதான் தொங்கின. ஈர விரிப்பு ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். அதை உதறிக் கம்பியில் வீசினால் கொட்டகையே ஒரு குலுங்கு குலுங்கும். உள்ளேயிருந்து அத்தான், மெதுவா, மெதுவா என்று கத்துவார். துணியை மெதுவாக உதறுவது எப்படி என்று அவர்தான் சொல்லித்தர வேண்டும்.

போன பருவம் தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. குழுவில் சிறந்த தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள், ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் சுத்தம் தலைக்கேறிவிட்டது. பின்வீட்டுக்காரர் ரோஜாவுக்கு மருந்தடிக்கிறாராம், அது காற்றில் வருமாம். கொட்டகையின் நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டி, மேலே பூச்சி வலையும் போட்டு, எறும்பு நுழைய இடமில்லாமல் அடைத்தார். அப்புறம் கண் கம்பி மேல் விழுந்தது. சோப்புத் தண்ணீர் விஷம் என்றார். கம்பெனி விஷத்தை மூட்டை மூட்டையாக விற்றவருக்குச் சோப்புத் தண்ணீர் விஷமாகிவிட்டது. ஒரு நாள் சின்னவள் விரிப்புகளோடு மேலே போனால் கம்பி அறுந்து, சுருண்டு, படிக்கட்டு ஓரத்தில் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை மனிதர்.

ஒரு கம்பியாவது விடுங்கள் என்று கேட்டதற்கு அத்தான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"உன் துணி முக்கியமாம்மா, ஜனங்க ஆரோக்கியம் முக்கியமா?"

எந்த ஜனங்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த ஜனங்களா? அக்கா பின்னால் நின்று கண்ணால் கெஞ்சினாள். சின்னவள் விழுங்கிக்கொண்டாள்.

வீட்டின் பக்கச் சந்தில் கயிறு கட்டிக் காயப்போட்டாள். அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. விரிப்புகள் அரைகுறையாகக் காய்ந்து முடைநாற்றம் வீசின. மண்டப மேனேஜர் ஒரு கட்டு விரிப்பைத் திருப்பியே அனுப்பிவிட்டார். அடுத்த கட்டும் இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொல்லிவிட்டார். மகளிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

மேலே அத்தானின் கதை அதைவிட மோசம். செடி நிறையப் பூ. ஆனால் பூத்ததெல்லாம் காம்போடு பொலபொலவென்று உதிர்ந்தது. காய் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. வேப்பெண்ணெய் அடித்தார். மீன் கழிவை ஊறவைத்து ஊற்றினார், வீடே மீன் சந்தையாக நாறியது. பழைய சோப்பு மண்ணில் இறங்கியிருக்கிறது என்று பழியை அவள் மேல் போட்டுவிட்டு, மண்ணையும் மாற்றினார். பூ உதிர்ந்துகொண்டே இருந்தது.

குழு ஆட்கள் வருவதற்கு முதல் நாள் அத்தான் அவள் வாசலில் வந்து நின்றார். பச்சை நூல் இருக்குமா என்றார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. காலையில் மாடிக்குப் போனபோது தெரிந்தது. கடைத் தக்காளிகள் பளபளவென்று செடியில் தொங்கின. குடைமிளகாயும் அப்படியே. சிலதில் காம்புகூட இல்லை, நூல் மட்டும்தான். சிரிப்பை அடக்க அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைக் காய் விஷம், விஷம் என்று ஊரெல்லாம் கூவிவிட்டு, அதே விஷத்தை விலைக்கு வாங்கி மாலை கட்டியிருக்கிறார்!

வந்தவர்களுக்கு ஜூஸ் கொடுக்கும் வேலை அவளுக்கு. குழுவின் தலைவி ஓய்வு பெற்ற தாவரவியல் டீச்சர். அத்தான் பேசிக்கொண்டே வர, டீச்சரம்மா ஒரு தக்காளியை விரலால் தொட்டார். அது மெல்ல ஒரு சுற்று சுற்றி, நூலோடு அவர் உள்ளங்கையில் விழுந்தது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. காய்த்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, ஒரு மாதிரிக்கு, என்று பூசி மெழுகினார். நம்பாவிட்டால் பாருங்கள் என்று போன பருவத்து வீடியோவைச் செல்போனில் எடுத்துக் காட்டினார்.

டீச்சரம்மா வீடியோவைப் பார்த்தார். சுற்றிலும் இருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தார். கீழே உதிர்ந்து கிடந்த பூக்களைப் பார்த்தார்.

"உள்ள காத்தே இல்லையே சார். தக்காளிப் பூ ஆடினாத்தான் மகரந்தம் உதிரும், அப்பத்தான் காய் பிடிக்கும். வீடியோவுல செடி இந்த ஆட்டம் ஆடுதே, யாரு ஆட்டுறது?"

வீடியோவின் ஓரத்தில் ஒரு வெள்ளை விரிப்பு பட்டென்று விசிறியது. மெதுவா, மெதுவா என்று அத்தானின் குரலும் கேட்டது. சின்னவள் தட்டைப் பிடித்தபடி நின்றாள். தன் வாயால் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னது அக்கா. எத்தனையோ வருஷமாகப் பொறுத்துப் போ, பொறுத்துப் போ என்று சொன்ன அதே அக்கா.

"அது என் தங்கச்சி. இங்க துணி காயப்போடுவா. கம்பிய இவர்தான் அறுத்துப் போட்டாரு."

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவங்கதான் சார் உங்க தேனீ, தேனீயையே விரட்டிட்டீங்களே என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்துப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போன பிறகு அத்தான் தானே செடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, நல்ல கிளை ஒன்றை ஒடித்தார். பிளாஸ்டிக்கைப் பிரிக்கவும் மனம் வரவில்லை, பின்வீட்டு ரோஜா பயம். சாயங்காலம் புதுக் கம்பியும் குறடுமாகக் கீழே இறங்கி வந்தார். கம்பி கட்டித் தருகிறேன், நாளையிலிருந்து மேலேயே காயப்போடு என்றார். ஏதோ தர்மம் பண்ணுகிற தோரணை.

மறுநாள் போக வேண்டிய மண்டபத்துக் கட்டு அவள் முதுகுக்குப் பின்னால் ஈரமாகக் கிடந்தது. அது நாறினால் வேலை போச்சு. அவருக்கு அவள் வேண்டியிருந்ததைவிட அவளுக்கு அந்த வெயில் வேண்டியிருந்தது. அதை அவரிடம் காட்டுவாளா? கதவில் சாய்ந்துகொண்டு, சோப்பு விஷமாச்சே அத்தான் என்று மட்டும் கேட்டாள். அவர் குறடைத் திறந்தார், மூடினார். கொஞ்சம் சொட்டினால் பரவாயில்லை என்று முனகினார். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே போய்க் கட்டைத் தயார்படுத்தினாள்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் மாடியில் இருந்தாள். கம்பி புதிதாக, இழுத்துக் கட்டியிருந்தது. அத்தான் கொட்டகை வாசலில், கம்பிக்கு நேர் கீழே, பூக்களைப் பார்த்தபடி குந்தியிருந்தார். அவள் முதல் விரிப்பைப் பிழியாமலே எடுத்தாள். ஓங்கி உதறி வீசினாள். கொட்டகை குலுங்கியது. சோப்புத் தண்ணீர் அத்தானின் வழுக்கைத் தலையில் கொட்டி, காதோரம் வழிந்து, சட்டைக்குள் இறங்கியது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். கையில் இரண்டாவது விரிப்பு.

"மெதுவாவா, அத்தான்?"

அத்தான் தோள் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. நல்லாவே உதறு."

அன்று மதியத்துக்குள் விரிப்புகள் அத்தனையும் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. மேனேஜர் ஒன்றை விரித்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.