அளவு ஜாக்கெட்

நாற்பத்தைந்து வயதில் பிரேமாவுக்குத் தையல் பழக ஆசை வந்துவிட்டது என்று சொன்னபோது மாப்பிள்ளையூரணியில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான். இருபது வருஷமாக அவள் ஜாக்கெட்டெல்லாம் சங்கரலிங்கம் டெய்லர் கடையில்தான் தைத்தாள். அவர் ஒரு நாளும் அவள் மேல் டேப் வைத்தது கிடையாது. நம் பக்கத்தில் எந்தப் பொம்பளை டெய்லர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்? உடம்புக்குப் பிடித்த பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சுருட்டிக் கொடுத்தால் போதும். அதற்குப் பெயர் அளவு ஜாக்கெட். அதைப் பார்த்து அவர் வெட்டிவிடுவார். பிரேமாவின் அளவு ஜாக்கெட் ஒரு மெரூன் பருத்தி. அக்குளில் சாயம் போய், பத்து வருஷமாக அதுதான் கடைக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

போன வருஷம் ஆவணியில் மதுரை ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடப்பக்க மார்பை எடுத்தார்கள். புற்று. அதற்குப் பிறகு அளவு ஜாக்கெட் அவளுக்கு அளவாக இல்லை.

ஊருக்குச் சொன்னது கர்ப்பப்பை ஆபரேஷன் என்று. கர்ப்பப்பையை எடுத்தால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள், தங்கள் கர்ப்பப்பைக் கதையையும் ஒரு பாட்டம் சொல்லிவிட்டுப் போவார்கள். மருந்தில் தலைமுடி கொட்டியதற்குத் திருச்செந்தூரில் நேர்ந்துகொண்டு மொட்டை போட்டதாகச் சொன்னார்கள். முருகனும் காட்டிக்கொடுக்கவில்லை.

எல்லாம் அவள் வீட்டுக்காரர் லிங்கராஜின் யோசனை. ஊர் முக்கில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எதை முன்னால் அடுக்குவது எதைப் பின்னால் ஒளிப்பது என்று தெரிந்தவர். ஒரே மகள் ஜெயபிரியாவுக்கு இருபத்து நான்கு வயது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை தேடுகிற நேரம். “தாய்க்கு வந்தா மகளுக்கும் வரும்னு ஒருத்தன் சொல்லிட்டான்னா போச்சு, ஒரு பய நம்ம வாசல மிதிக்க மாட்டான். கல்யாணம் முடியுத வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது” என்றார். பிரேமாவுக்கும் அது சரியென்றே பட்டது. பிழைத்து வந்தவளுக்கு இனி ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பெற்ற தாயாகப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்காக ஒரு பொய் என்ன, ஒன்பது பொய் சொல்லலாம் என்று நினைத்தாள்.

தொல்லை கொடுத்தது ஜாக்கெட்தான். பழைய ஜாக்கெட்டுக்குள் இடப்பக்கம் பஞ்சை அடைத்து வைத்தால், குனிந்து நிமிர்வதற்குள் அது தோளுக்கு ஏறிவிடும். கனத்துக்கு இருக்கட்டும் என்று கடையிலிருந்து கடுகை அள்ளிப் பஞ்சோடு சேர்த்து ஒரு பொட்டலமாகத் தைத்துப் பார்த்தாள். கனம் சரியாக இருந்தது, ஆனால் நிற்க இடம் வேண்டுமே. உள்ளே ஒரு பை வைத்து, அந்தப் பக்கத்தை வேறு மாதிரி வெட்டின ஜாக்கெட் வேண்டும். அதைச் சங்கரலிங்கத்திடம் சொல்ல முடியுமா? சொன்னால் அவர் பொண்டாட்டிக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் பஸ் கண்டக்டருக்குத் தெரியும். அதனால்தான் பிரேமா தையல் பழகப் போனாள்.

ரேஷன் கடைக்கு மாடியில் பேபி டீச்சர் வகுப்பு நடத்தினாள். முப்பத்திரண்டு வயதுக்காரி, பிரேமாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எட்டுப் பெண்கள், மூன்று மிஷின். முதல் வாரம் ஊசியில் நூலே கிடையாது. கோடு போட்ட நோட்டுத் தாளைக் கொடுத்து, கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னாள். பிரேமா மிதித்தால் சக்கரம் பின்னால் சுற்றியது. தாளில் ஓட்டை கோட்டைத் தவிர மற்ற இடமெல்லாம் விழுந்தது. அவள் தனக்குள் திட்டிக்கொண்டே மிதித்தாள். இரண்டாம் வாரம் கோடு நேரானது, மூன்றாம் வாரம் வளைவும் வந்தது. பாபின் மாற்றவும், தையலுக்கு அரை இஞ்ச் விட்டு வெட்டவும், ஓரம் மடித்து அடிக்கவும் பழகினாள்.

அளவு எடுக்கிற நாளில்தான் சிக்கல். ஒருவருக்கு ஒருவர் டேப் வைத்து எடுக்க வேண்டும். பிரேமாவுக்கு ஜோடியாக வந்தவள் முருகேஸ்வரி, ஆழ்வார்திருநகரியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பிள்ளை, வாய் ஓயாதவள். டேப்பை எடுத்துக்கொண்டு அவள் கிட்டே வந்ததும் பிரேமா மெரூன் ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். கூச்சமாக இருக்கிறதாம், இதை அளந்துகொள்ளட்டுமாம். எல்லோரும் சிரித்தார்கள். பேபி சிரிக்கவில்லை.

“ஜாக்கெட்ட அளந்தா பழைய ஜாக்கெட்டுதான் வரும் அக்கா. இப்ப இருக்க ஒடம்ப அளக்கணும்” என்றாள்.

அன்று சாயங்காலம் பிரேமா அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே அளந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் முழு உடம்பையும் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குளிக்கும்போதுகூடக் கீழே பார்க்காமல் தண்ணீர் ஊற்றிப் பழகியிருந்தாள். நோட்டில் வலது ஒரு எண், இடது ஒரு எண் எழுதினாள். எழுதி முடித்ததும் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போய் உலை வைத்தாள்.

ஜாக்கெட் வெட்டுவதில் பேபியின் முதல் பாடம் துணியை இரண்டாக மடிப்பது. “ஒரு பக்கம் வரஞ்சா போதும், மறு பக்கம் தானா வந்துரும்” என்பாள். உலகத்தில் தையல் கண்டுபிடித்தவன் எல்லோருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறான், கட்டையில போறவன். பிரேமாவுக்கு மடித்து வெட்டினால் ஆகாது. வீட்டில் பழைய பேப்பரை விரித்து வலது முன்பக்கத்தை மூன்று டாட், அதாவது பிடித்துத் தைக்கிற மடிப்பு, வைத்து வரைந்தாள், குவிவு வருவதற்கு. அதே தாளை அடியில் வைத்து, டாட் இல்லாமல் தட்டையாக இன்னொன்று வரைந்தாள். அது இடதுக்கு. உள்ளே வைக்கிற பைக்குத் தனியாக ஒரு துண்டு.

முதலில் வெள்ளைப் பாப்ளினில் வெட்டினாள். பாப்ளினுக்கு முகம் முதுகு கிடையாது, எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஒரே வெள்ளை. தைத்துப் போட்டுக்கொண்டு, பொட்டலத்தைப் பைக்குள் செருகி, வீடு முழுக்கப் பெருக்கினாள், குடம் தூக்கினாள், பரணில் ஏறி இறங்கினாள். இம்மி நகரவில்லை. வந்த சந்தோஷத்தில் மத்தியானம் தன்னந்தனியாக அப்பளம் பொரித்துத் தின்றாள்.

அந்த மாதம்தான் சம்பந்தம் வந்தது. ஆழ்வார்திருநகரியில் பாத்திரக்கடைக் குடும்பம், பையன் பெயர் முத்துக்குமரன். ஜெயபிரியாவுக்கும் பிடித்துப்போயிற்று. நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். பிரேமாவுக்கு மாம்பழ மஞ்சளில் பட்டுச்சேலை எடுத்தார்கள், சேலையோடு சேர்ந்து ஜாக்கெட் துணி முக்கால் மீட்டர்.

ஞாயிற்றுக்கிழமை தரையில் பாய் விரித்துப் பட்டைப் போட்டு, இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குண்டூசி குத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். பிசிறில்லாமல் வந்தது. தோளோடு தோள் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டுமே வலப்பக்கம். டாட் வைத்தது ஒரு வலப்பக்கம், தட்டையானது இன்னொரு வலப்பக்கம். ஒரு பேப்பரைக் கவிழ்த்துப் போட்டு வெட்டியிருக்க வேண்டும். மடித்து வெட்டுகிறவர்களுக்கு இந்த நினைப்பே வேண்டாம், மடிப்பு பார்த்துக்கொள்ளும். பாப்ளின் என்றால் புரட்டிக்கொள்ளலாம். பட்டைப் புரட்டினால் ஜரிகை நூல் பின்பக்கமாகப் பல்லைக் காட்டுகிறது.

மறுநாள் எல்லோரும் இறங்கிப் போகிற வரைக்கும் காத்திருந்து, துண்டுகளை பேபியிடம் நீட்டினாள். பேபி டாட் வைத்ததைப் பார்த்தாள், தட்டையானதைப் பார்த்தாள், பைத்துண்டையும் பார்த்தாள். பிறகு பிரேமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு நிறத்தில் ஜாக்கெட் போடுவதுதான் இப்போது எல்லோரும் செய்வது என்றாள், பச்சைப் பட்டு வாங்கி வரச் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து மூன்றே நாளில் தைத்து முடித்தார்கள். ஜாக்கெட் அப்படி அமைந்தது.

தப்பு நடந்தது இன்னொரு இடத்தில். வீணான மஞ்சள் துண்டுகளை பேபி மறதியாக வெட்டுத்துணிச் சாக்கில் போட்டுவிட்டாள். அந்தச் சாக்கைக் கால்மிதி தைக்கிறதற்காக வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டுபோகிறவள் முருகேஸ்வரி. மஞ்சள் பிரேமாவின் நிச்சயப் பட்டு என்று வகுப்புக்கே தெரியும், அவளுக்கும் இப்போது வெட்டுத் தெரியுமே. டாட் இல்லாத முன்பக்கம் எப்படிப்பட்ட உடம்புக்கு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாள் ஒன்று போவதற்குள் விஷயம் ஆழ்வார்திருநகரிக்குப் போய்விட்டது.

பிரேமாவுக்கு அது தெரியாது. லிங்கராஜுக்கு ஒரு போன் வந்தது, அவர் கடையை அடைத்துவிட்டு ஆழ்வார்திருநகரிக்குப் போய் வந்தார், மண்டபம் விஷயமாகப் பேச்சு என்றார். இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மகள் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசாததைக் கல்யாணக் கவலை என்று எடுத்துக்கொண்டாள்.

நிச்சயத்தன்று மண்டபத்தில் பிரேமா ஓடி ஓடி வேலை செய்தாள். தட்டு தூக்கினாள், சந்தனம் கொடுத்தாள், வந்தவர்களைக் கட்டிப்பிடித்து வரவேற்றாள். ஒரு வருஷமாக யாரையும் கிட்டே அண்டவிடாதவள். வெற்றிலை மாற்றி முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய் செல்லக்கனி அவளைத் தனியாகத் தூண் ஓரத்துக்கு அழைத்துப் போனாள். நல்ல மாதிரியான பெண், கண் கலங்கியிருந்தது.

“மதினி, ஒங்களுக்கு இப்படின்னு முருகேஸ்வரி சொன்னதும் நாங்க பதறித்தான் போனோம். பொய் சொல்ல மாட்டேன், வேண்டாம்னுகூட நெனச்சோம். அண்ணாச்சி நேர்ல வந்து உள்ளதச் சொல்லிட்டாங்க. பெத்தவ பிரசவத்துலயே போயிட்டாளாம்லா. நீங்க ரெண்டாந்தாரமா வந்து கைல வாங்கும்போது பதினோரு மாசப் பிள்ளையாம்லா. இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு, பெறாத பிள்ளைக்கு இவ்வளவு செய்யுதீய. நீங்க நல்லா இருக்கணும்.”

பிரேமா மேடையைப் பார்த்தாள். ஜெயபிரியா இவர்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயின் கண்ணைச் சந்தித்ததும் மாலையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரியும் என்று பிரேமாவுக்கு விளங்கிவிட்டது. இருபத்தாறு மணி நேரம் வலி எடுத்துப் பெற்ற பிள்ளை.

செல்லக்கனி ஒரு பையை அவள் கையில் வைத்தாள். உள்ளே சிவப்புச் சேலையும் ஜாக்கெட் துணியும் இருந்தன. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம், கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைப் பெற்றவள் இறந்துபோயிருந்தால் அவளுக்குப் படையல் போட வேண்டும். துணியாக வைக்கக் கூடாது, தைத்துத்தான் வைக்க வேண்டும்.

“நீங்கதான் நல்லா தைக்கீங்களே மதினி. ஒங்க கையாலயே தச்சு வச்சுருங்க. புண்ணியவதி அளவு யாருக்குத் தெரியும், ஒரு குத்துமதிப்பா வெட்டுங்க.”

“சரி மதினி” என்றாள் பிரேமா. வேறு என்ன சொல்வாள்? இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மேடையில் இருக்கிறவள் மாலையைக் கழற்ற வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் பையை நடுக்கூடத்தில் வைத்தாள். லிங்கராஜ் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, தானாகவே ஆரம்பித்தார். “வேற வழி இல்லளா. இல்லன்னா சம்பந்தம் கையை விட்டுப் போயிருக்கும் பாத்துக்கோ. கல்யாணத்தப் பாக்கணும்னு நீதான சொல்லிக்கிட்டுக் கெடந்த? பாக்கத்தான போற. எந்த முறைல நின்னு பாத்தா என்ன?”

ஜெயபிரியா எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பேசினாள். “கொஞ்ச நாளைக்குத்தாம்மா. பெறகு நானே அவங்ககிட்ட சொல்லிருதேன்” என்றாள். அம்மா என்று சொல்வதற்குக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. பிரேமாவுக்கு நாசமாப் போங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கல்யாணப் பிள்ளையை அப்படிச் சொல்லக் கூடாதே என்று விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பாயை விரித்தாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து மெரூன் ஜாக்கெட்டை எடுத்து உதறினாள். சிவப்புத் துணியை இரண்டாக மடித்து, அதன் மேல் ஜாக்கெட்டை வைத்துச் சாக்கட்டியால் பாதி உடம்பை மட்டும் வரைந்தாள். கத்தரி ஓடியது. விரித்துப் பார்த்தபோது பேபி சொன்ன மாதிரியே மறு பக்கமும் தானாக வந்திருந்தது, இரண்டு பக்கமும் ஒன்று போல. அவள் மடித்து வெட்டிய முதல் ஜாக்கெட் அதுதான்.

கடைக்குக் கிளம்பிய லிங்கராஜ் வாசலில் நின்று பார்த்தார். சத்தமில்லாமல் போயிருக்கலாம், கேட்டுவிட்டார். “யார் அளவுக்கு வெட்டிருக்க?”

பிரேமா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“பெத்தவ அளவுக்குத்தான்” என்றாள்.