மிக்ஸரின் மூன்றாவது கால்

என் அக்கா யாதிரா கையில் பிடித்துப் பாடும் மைக்கில் கரண்ட் இருக்கலாம் என்று எனக்கு உறைத்தபோது மணி ஐந்து பத்து. பாராங்கியா நகரின் மறுகோடியில் எலக்ட்ரிக்கல் மாலை வகுப்பில் இருந்தேன். ஆறு மணிக்கு அவள் பாட வேண்டும்.

ஆசிரியர் பலகையில் ஒரு டிரான்ஸ்பார்மரின் இரண்டு சுருள்களை வரைந்திருந்தார். "நடுவுல கம்பி கிடையாது. பாட்டு தாண்டும், எர்த் தாண்டாது. அதனாலதான் இரைச்சல் போகுது. ஆனா இதைப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் எர்த் இருக்கான்னு பாருங்க."

நான் பார்க்கவில்லை. தெரு ஆட்டங்களுக்குப் போகும் எலியேசர் மாமாவின் ராட்சத ஸ்பீக்கர் செட்டான பிக்கோவில், மைக் ஒயர் வந்து சேரும் மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே நேற்றுத்தான் அப்படியொரு சின்ன டிரான்ஸ்பார்மரைப் பற்றவைத்திருந்தேன். இரைச்சல் அடியோடு நின்றது.

நோட்டைப் பின்னால் புரட்டினேன். நான்கு வாரத்துக்கு முன் என் கையெழுத்து: "மிக்ஸர் பிளக்கின் எர்த் காலை வெட்டினேன். இரைச்சல் பாதியானது." எங்கள் பேட்டையில் இரைச்சல் வந்தால் எல்லாரும் குறட்டை எடுத்து முதலில் செய்வது அதுதான். அதன் பிறகும் இரண்டையும் இணைக்கும் ஒயரின் உலோக மேலுறை வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த் மிக்ஸருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. நேற்று டிரான்ஸ்பார்மரை நடுவில் போட்டு அதையும் அறுத்துவிட்டேன். இனி மிக்ஸரில் கரண்ட் கசிந்தால், மண்ணுக்கு இறங்க அக்காவின் உடம்பு ஒன்றுதான் வழி.

அவள் வெறுங்காலோடுதான் பாடுவாள். ஆட்டத்துக்கு முன் புழுதி அடங்க முற்றத்தில் தண்ணீர் விடுவார்கள்.

கசிவே இல்லாமலும் இருக்கலாம். நான்தான் தப்பாக யோசிக்கிறேனோ என்று மறுபடி வரைந்து பார்த்ததில் இரண்டு நிமிடம் போனது. அக்காவுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

வெளியே ஓடி மோட்டார்சைக்கிள் டாக்சி ஒன்றில் ஏறினேன். ஓட்டுபவர் கேட்டார். "என்ன பொண்ணே, கல்யாணமா, சாவா?"

"தெரியல. வேகமாப் போங்க."

முற்றத்தில் பிக்கோ சுவர் உயரத்துக்கு நின்று அதிர்ந்துகொண்டிருந்தது. மாமா குழாயால் மண்ணை நனைத்துக்கொண்டிருந்தார். அக்கா பலகைமேடையின் விளிம்பில் மைக்கோடு நின்றாள். செருப்பு மேசையடியில் கிடந்தது.

"அக்கா, அங்கேயே நில்லு. மண்ணுல காலை வைக்காத."

"வந்துட்டாங்கய்யா இன்ஜினியரம்மா. ஏண்டி, மண்ணுல பாம்பா?"

"மைக்கைப் பலகையில வை. வாய்கிட்ட கொண்டுபோகாத."

வைத்தாள். "இப்பப் பாடிப் பாக்குறப்ப உதட்டுல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. புது லிப்ஸ்டிக்குன்னு நெனச்சேன்."

காரணத்தைச் சொன்னதும் மாமா சிரித்தார். "எல்லாரும் வெட்டுறதுதானே பாப்பா. முப்பது வருஷத்துல எவன் செத்தான்?"

டெஸ்டரை மைக்கின் கம்பிவலையில் வைத்தேன். சிவப்பாக எரிந்தது. மாமாவின் சிரிப்பு நின்றது. குழாய்த் தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

மிக்ஸரின் பிளக்கைப் பிடுங்கி, மூன்று கால் உள்ள புதுப் பிளக்கை மாட்டினேன். இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுச் செருகினேன். அந்தக் கணமே மெயின் விழுந்தது. பிக்கோ முழுவதும் ஊமையானது. கசிவு உண்மைதான், இத்தனை நேரமும் இறங்க இடமில்லாமல் மைக்கில் நின்றிருக்கிறது.

"அந்தக் காலை யாரு வெட்டினது?" என்று அக்கா கேட்டாள்.

"நான்தான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, நனைந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மிக்ஸரை மூட்டைகட்டி ஓரமாக வைத்தோம். ஆறு மணிக்கு அவள் மைக் இல்லாமல் பாடினாள். பின்வரிசைக்குக் கேட்கவே இல்லை. மேடைக்கு அருகில் நின்று, பாட்டு முடியும்வரை அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.