அக்கரை இடம்

"குழி எந்தக் கரையில வெட்டணும்மா?"

குழிவெட்டுபவர் மண்வெட்டியை வாசலில் சாய்த்துவிட்டுக் கேட்டார். உள்ளே மகள், அப்பாவின் தாடையைக் கட்டிய துணி நழுவாமல் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். விடிகாலையில் பிரிந்த உயிர்.

"அம்மா பக்கத்துலதான். வேற எங்க?"

"அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பழைய கோயில் பங்காச்சேம்மா. உங்க வீடு புதுக் கோயில் பங்கு. அங்க செயலாளர் எழுதிக் குடுத்தாத்தான் மண்ணத் தொடுவேன். உங்கப்பா போட்ட சட்டம்தான?"

அவளுக்குத் தெரியாதா என்ன? அப்பாவுக்கு ஊரில் 'வரலாறு' என்றே பெயர். மாவட்டத்தின் பதினான்கு கத்தோலிக்கப் பங்குகளும் எப்போது வந்தன, எது எதிலிருந்து பிரிந்தது என்று புத்தகமே எழுதியவர். மணி என்ன என்று கேட்டால், கோபுரத்துக்குக் கடிகாரம் வந்த வருடத்திலிருந்து தொடங்குவார். ஊர்ப் பங்கை இரண்டாக்கியபோது கோடு போடும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. வாய்க்காலை எல்லையாக்கினார். அவரவர் பங்கில்தான் அடக்கம் என்றும் எழுதினார். அதற்கு முன்பே அம்மா அக்கரைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். பக்கத்தில் அவருக்கென்று இடம் விட்டிருந்தார்கள். கோடு போட்ட அன்று அப்பா சாப்பிடவில்லை.

மகள் பாலத்தைக் கடந்து பழைய கோயில் அலுவலகத்துக்கு ஓடினாள். செயலாளர் நாற்காலியில் ஊர்த் தையல்காரரின் மகன். பார்த்ததும் கால் தயங்கியது. ஆறு வருடத்துக்கு முன், தன் அப்பாவை அக்கரையில் இருந்த தன் அம்மா பக்கத்தில் வைக்க அனுமதி கேட்டு அவள் வீட்டு வாசலில் நின்றவர். அப்போது இரண்டு பங்குப் பதிவேடுகளும் அப்பா கையில். "எல்லாருக்கும் ஒரே எல்லைதான் தம்பி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

"கேள்விப்பட்டேன்மா," என்று அவர் எழுந்தார். பதிவேட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினார். "அம்மா பக்கத்துலதான? எழுதிடறேன். ஃபாதர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அண்ணே, உங்கப்பாவுக்கு எங்கப்பா..."

"அது போகட்டும். எங்கம்மா பக்கத்து எடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. தெனம் அதப் பாக்கறவன் நான். உங்களுக்கும் அது வேணாம்."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு காரியத்தை முடித்திருப்பாள். அப்பாவைத் தூக்கிவரும் வழி கண்ணுக்குள் வந்தது. புதுக் கல்லறைத் தோட்டத்தில், வாய்க்கால் ஓர வரிசையில், தையல்காரர். அவரைக் கடந்துதான் பாலத்தில் ஏற வேண்டும்.

"எழுதாதீங்கண்ணே," என்றாள். "எங்கப்பா உங்கப்பாவத் தாண்டி இங்க வர வேணாம்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். இத்தனை வருடம் இடம் விட்டுக் காத்திருக்கும் அம்மாவிடம் என்ன சொல்வது? தையல்காரரின் மகன் பேனாவை மூடிவைத்தார்.

மாலையில், தையல்காரருக்குப் பக்கத்தில் அப்பாவை இறக்கினார்கள். அவள் ஒரு பிடி மண் போட்டாள். அடுத்த பிடியைத் தையல்காரரின் மகன் போட்டார்.

கூட்டம் கலைந்தபின் குழிவெட்டுபவர் படியில் இறங்கி மண்வெட்டியை வாய்க்காலில் கழுவினார். கரைந்த மண் தண்ணீரில் மெல்லப் பரவி, அக்கரைப் பக்கம் போனது.