யா, யா

இஸ்திரி யந்திரத்தின் மூடியைப் பாலச்சந்திரன் இடது கையால் அழுத்தினார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. போன மாரியில் இதே மூடிதான் அவற்றின் மேல் விழுந்தது. சிறையின் சலவைக்கூடத்தில் நின்று குழறியும் மூன்று நாள் கழித்துத்தான் டொக்டரிடம் கொண்டுபோனார்கள். அந்த மூன்று நாளுக்காகத்தான் வழக்கு. வழக்கறிஞர் யாருமில்லை. அகராதியை மடியில் வைத்து, இடது கையால் எழுதி, தானே போட்ட வழக்கு.

காலையில் நீதிமன்றத்தின் மஞ்சள் உறை வந்திருந்தது. பக்கத்து மேசையில் துணி மடிக்கும் தாரகனிடம் நீட்டினார். தாரகன் பேர்லினில் பள்ளிக்கூடம் போனவன், நாற்பது வயதுக்காரன்.

"என்னவாம், தாரகன்?"

"நீதிமன்றம் கேட்டதுக்கு உங்கட பதில் ஒரு நாள் பிந்திப் போச்சாம், அண்ணை. வழக்கை முடிச்சிட்டினம்."

"என்ன விசர்க்கதை! தவணைக்கு அஞ்சு நாள் இருக்கேக்கையே குடுத்திட்டனே."

"ஆரிட்டக் குடுத்தனீங்கள்?"

"காவலர் லோறன்ஸிட்ட. இண்டைக்கே அனுப்போணும் எண்டன். 'யா, யா' எண்டவர். ஒருக்கா இல்லை, ரெண்டு தரம் ஓம் எண்டவர்."

தாரகன் கடிதத்தை மெல்ல மடித்தான். "அண்ணை, ஜெர்மன்காரன் ஒருக்கா 'யா' எண்டால்தான் ஓம். 'யா, யா' எண்டால், சரி சரி, போ எண்ட மாதிரி."

யாழ்ப்பாணத்தான் ஒருவன் 'ஓமோம்' என்றால் காரியம் முடிந்தது என்று நம்பிப் போகலாம். இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் கோப்பை கழுவிய பாலச்சந்திரனுக்கு இதை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

"யோசியாதேங்கோ. எப்ப குடுத்தனீங்கள் எண்டு லோறன்ஸ் ஒரு வரி எழுதித் தந்தால், வழக்கைத் திரும்ப எடுக்கலாமாம். கடைசிப் பக்கத்தில கிடக்கு."

அப்பாடா! லோறன்ஸ் மாட்டேன் என்பாரா? மற்றக் காவலர்கள் நம்பர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் "வணக்கம், பாலா" என்பவர். அந்தச் சொல்லைக் கேட்டுப் படித்தவர். விரல் நசுங்கிய அன்று தண்ணீர் பிடித்து ஊற்றியவரும் அவர்தான்.

பத்து மணிக்குக் காவலர்களின் சட்டைகளை எடுக்க லோறன்ஸ் வந்தார். "வணக்கம், பாலா."

பாலச்சந்திரன் தெரிந்த ஜெர்மனில் கேட்டார். ஒரே ஒரு வரி. வியாழக்கிழமை கடிதம் வாங்கினேன் என்று.

லோறன்ஸ் சட்டைகளைப் புரட்டினார். "எத்தனையோ பேர் தருகிறார்கள். எனக்கு நினைவில்லை."

"உங்கள் பையில்தானே வைத்தீர்கள்?"

லோறன்ஸ் குரலைத் தாழ்த்தினார். "எழுதித் தந்தால் நான்தான் மாட்டுவேன், பாலா. எனக்கு நினைவில்லை."

தாரகன் குனிந்து அடுத்த துணியை மடித்தான். பாவி லோறன்ஸ்! கண்டபாட்டுக்கு ஏசுகிறவனைப் பற்றிக் கவலையில்லை. தண்ணீர் ஊற்றிய கையே கழுத்தை அறுத்தால் யாரிடம் போய் முறையிடுவது?

"இந்தக் காலர் கசங்கியிருக்கிறது," என்றார் லோறன்ஸ். "நாளைக்குக் கவனமாகச் செய், என்ன?"

"யா, யா," என்றார் பாலச்சந்திரன்.

லோறன்ஸ் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டைகளுக்கான ரசீதுத் துண்டை எடுத்து, தேதி முத்திரையைத் திருப்பிச் சரிபார்த்து, மையில் ஒற்றி, அழுத்திக் குத்தினார். பதினாறு சட்டைக்கும் இன்றைய தேதி தெளிவாக விழுந்திருந்தது.